இந்தப் புகை எங்கிருந்து வந்தது?

காலையில் பள்ளித் திடலின் மறுகோடியில் இருக்கும் கோல் கம்பம் மங்கலாகத் தெரிகிறது. தொண்டை கரகரக்கிறது. மேரு, கிள்ளான் வட்டார மாணவர்களுக்குப் புகைமூட்டம் புதிதல்ல. 2005 ஆகஸ்ட் 11ஆம் நாள் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால், கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சுமத்ராவில் மூண்ட தீயின் புகையைத் தென்மேற்குக் காற்று மலாக்கா நீரிணை கடந்து கொண்டுவந்திருந்தது.

இத்தகைய தீயைச் செயற்கைக்கோள் எப்படிக் கண்டுபிடிக்கிறது? எரியும் பொருள், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாக வெளியிடும். சுற்றியுள்ள நிலத்தைவிட ஓர் இடம் அக்கதிரில் மிகவும் பளிச்சென்று தெரிந்தால், அதை 'வெப்பப்புள்ளி' எனக் குறிப்பார்கள். சுவோமி என்.பி.பி. செயற்கைக்கோளின் 'வீர்ஸ்' கருவி, நிலத்தை 375 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து இப்படித் தேடுகிறது. ஆனால், அது நம் வட்டாரத்தை நாளுக்கு இருமுறைதான் கடக்கும்.

ஜப்பானின் ஹிமாவாரி அப்படியல்ல. 35,800 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றுவதால், எப்போதும் நம் பக்கமே பார்த்திருக்கும். 10 நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். அவற்றை வரிசையாக ஓடவிட்டால் புகை நகரும் திசை தெரியும். சிங்கப்பூரில் இயங்கும் ஆசியான் சிறப்பு வானிலை மையம், செயற்கைக்கோள் படங்களையும் காற்றின் போக்கையும் ஆராய்ந்து எச்சரிக்கை விடுக்கிறது.

எனினும், வானத்துக் கண்ணுக்கும் குறைகள் உண்டு. மேகம் மறைத்தால் தீ தெரியாது. மட்கிய தாவரங்கள் நிறைந்த கரிமண் நிலத்தில் தீ மண்ணுக்குள்ளேயே கனலும். புகை அதிகம், மேலே தெரியும் வெப்பமோ குறைவு. ஆகவே, வெப்பப்புள்ளி இல்லை என்பதால் தீயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மேலும், புகை உயரத்தில் மிதக்கிறதா, நாம் சுவாசிக்கும் காற்றில் கலந்திருக்கிறதா என்பதைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். அதற்குத் தரையிலுள்ள நிலையங்கள் நுண்துகள்களை அளக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை புலப்படும். மேற்குக் கரை முழுவதும் குறியீடு உயர்ந்து, படத்தில் நீரிணைமீது புகை தெரிந்தால், அது சுமத்ராவிலிருந்து வந்திருக்கலாம். கிள்ளானின் ஜொகான் செத்தியாவில் மட்டும் உயர்ந்தால், அங்குள்ள கரிமண் நிலத்தில் தீப்பிடித்திருக்கலாம். புகை எப்போதும் வெளிநாட்டு விருந்தாளி அல்ல!

அடுத்த முறை கோல் கம்பம் மங்கினால், படம், காற்றுத் திசை, குறியீடு மூன்றையும் பாருங்கள். குறியீடு 100ஐத் தாண்டியிருந்தால் பந்தை எடுத்துவைத்துவிட்டு வகுப்பறைக்குள் செல்லுங்கள்.