மேஜை பெரிசு... அலைச்சலும் பெரிசு!

"மச்சி, ஓ.எஸ். அசைன்மென்ட் முடிச்சுட்டியா? போட்டோ எடுத்து அனுப்புடா!"

உங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இந்தக் குரல் கேட்காத செமஸ்டர் உண்டா? ஒருத்தர் எழுத, ஐம்பது பேர் அதைப் பார்த்து எழுத, சார் கையெழுத்துப் போட்டு பீரோவில் பூட்ட... சுபம்! ஏ.ஐ. வந்த பிறகு அந்த ஒருத்தரும் எழுதுவதில்லை.

"கம்ப்யூட்டர் பாடத்துக்கு எதுக்கு பாஸ் பேப்பரும் பேனாவும்?" என்கிறீர்களா? ஒரே ஒரு கணக்கு போட்டுப் பார்த்துடலாம், வாங்க.

கம்ப்யூட்டரின் மெமரியை உங்க ஹாஸ்டல் மேஜையா நினைச்சுக்கங்க. அதில் மூன்று நோட்டுக்குத்தான் இடம். மற்றதெல்லாம் கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குள். மேஜையில் இல்லாத நோட்டு வேணும்னா எழுந்து போய் எடுத்து வரணும். இந்த அலைச்சலுக்குப் பெயர்தான் 'பேஜ் ஃபால்ட்'. லேசா நினைக்காதீங்க... மெமரியில் எடுப்பதை விட, ஹார்ட் டிஸ்க்கில் போய் எடுத்து வர பல்லாயிரம் மடங்கு நேரம் ஆகும்!

மேஜையில் இடம் இல்லையா? முதலில் வந்த நோட்டு முதலில் வெளியே. இதுதான் 'ஃபைஃபோ'.

இப்போ நோட்டுகள் தேவைப்படும் வரிசை இது: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5.

கட்டம் போட்டு நிரப்புங்க. மூன்று இடம் இருந்தால் 9 அலைச்சல். சரி, மேஜையைப் பெரிசாக்கி நாலு இடம் கொடுப்போம். அலைச்சல் குறையணும்தானே? எண்ணிப் பாருங்க... 10!

"எங்கேயோ தப்பு" என்று அழிச்சு அழிச்சுப் போட்டாலும் அதே 10தான். ஐ.பி.எம்.மில் இருந்த லாஸ்லோ பெலடி, இரண்டு சகாக்களோடு சேர்ந்து 1969-ல் வெளியிட்ட விசித்திரம் இது. இன்றைக்கும் பாடப் புத்தகங்களில் 'பெலடி அனாமலி' என்று அவர் பெயரிலேயே இருக்கிறது.

ஏன் இப்படி? ரகசியம் உங்க கட்டத்தின் ஏழாவது பத்தியில் இருக்கு. அங்கே 5 வருகிறது. சின்ன மேஜையில், 1 ஏற்கெனவே ஒருமுறை வெளியே போய்த் திரும்பி வந்திருக்கிறது. அதனால் அது 'புதுசு', தப்பித்துவிடுகிறது. பெரிய மேஜையிலோ 1 நகரவே இல்லை. எனவே அதுதான் 'பழசு', வெளியே போகிறது. அடுத்து தேவைப்படுவது எது? அதே 1! அதை உள்ளே கொண்டுவர 2 வெளியே போகும்... அடுத்து வேணும் 2! கடைசி வரை இதே கூத்துதான்.

ஃபைஃபோ எப்போ வந்தே என்று மட்டும் கேட்கும். எப்போ பயன்பட்டே என்று கேட்காது. ரொம்ப நாளாகத் தொடாததை வெளியே அனுப்பும் 'எல்.ஆர்.யூ.' முறையில் இதே வரிசையைப் போட்டுப் பாருங்க. மூன்று இடத்துக்கு 10, நாலு இடத்துக்கு 8. அங்கே இந்த வம்பே கிடையாது.

காப்பி அடிச்சவருக்கும் 9, 10 என்ற விடை கிடைக்கும். மார்க்கும் விழும். ஆனா இன்டர்வியூவில் ஒருத்தர் நம்பரை மாற்றிப் போட்டு, "மெமரியைக் கூட்டினா வேகம் கூடுமா தம்பி?" என்று கேட்டால்? "கூடும் சார்" என்று சட்டென்று சொல்பவர் யார், "எந்த முறையில் சார்?" என்று திருப்பிக் கேட்பவர் யார் என்பது அங்கே தெரிஞ்சுடும். அந்தத் திருப்பிக் கேட்கிற தைரியத்தை, நண்பன் அனுப்பிய போட்டோ தராது.

நண்பனிடம் கேட்காதீங்க, ஏ.ஐ.யைத் தொடாதீங்க என்றெல்லாம் சொல்லவில்லை. முதலில் உங்க கட்டம், அப்புறம் அவங்க விடை. இரண்டும் ஒத்துப்போகலையா? சூப்பர்! எந்தப் பத்தியில் பிரிஞ்சுதுன்னு உட்கார்ந்து சண்டை போடுங்க. பாடம் மண்டையில் ஏறுவது அந்தச் சண்டையில்தான்.

ஒரு ஏ4 ஷீட், ஒரு பேனா, கால் மணி நேரம். இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிங்க பாஸ்!