ஒன்று, ஐந்து, ஒன்பது: சிங்கப்பூர் அடுக்குமாடி அன்றும் இன்றும்

சிங்கப்பூரின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் அன்று மின்தூக்கிக்குள் நுழைந்தால் பொத்தான்கள் குறைவாகவே இருக்கும். பத்து மாடிக் கட்டடம் என்றால் 1, 5, 9 என்று மூன்றே எண்கள். கட்டடத்துக்குக் கட்டடம் எண்கள் மாறலாம், முறை ஒன்றுதான். தரைத்தளத்தையே முதல் மாடி என்று எண்ணும் ஊர் அது. ஏழாம் மாடிக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு மாடி இறங்கி ஐந்தில் மின்தூக்கியைப் பிடிப்பார். திரும்பும்போது ஒன்பதுவரை போய், அங்கிருந்து இரண்டு மாடி இறங்கி வீட்டுக்கு வருவார். போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கம். அரிசி மூட்டையோ கைக்குழந்தையோ சுமந்து வந்தவர்களுக்கு இந்த வழி மனப்பாடம்.

இறங்கவும் முடியாதவர்களுக்குத்தான் அந்த வழியால் பயனில்லை. முழங்கால் தேய்ந்த பாட்டிக்கு இரண்டு மாடி இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு ஏற்றமும் இறக்கமும் ஒன்றுதான், இரண்டும் முடியாது. நோயாளியை அவசர ஊர்தி வரைக்கும் படிகளில் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் நாள் தவிர மற்ற நாளெல்லாம் வீட்டுக்குள்ளேயே என்று வாழ்ந்து முடித்தவர்கள் அன்று உண்டு. அதை யாரும் கட்டடத்தின் குறையாகச் சொல்லவில்லை. வயதின் குறை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இளைஞர்களுக்குக் கட்டிய ஊர்

குறை சொல்லாததற்குக் காரணம் இருந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சுருக்கமாக வீவக, 1960 பிப்ரவரியில் தொடங்கியபோது மக்கள் நெரிசலான கடைவீட்டு அறைகளிலும் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கம்பத்து, அதாவது கிராமத்து, வீடுகளிலும் இருந்தார்கள். 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ பகுதியில் மூண்ட தீயில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தனர். தண்ணீர்க் குழாய், மின்விளக்கு, கதவைச் சாத்திக்கொள்ளக் கழிப்பறை, இவைதான் அன்றைய கனவு. முதல் ஐந்தாண்டுக்குள் 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அந்த வேகத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கும் (டாலருக்கும்) கணக்கு உண்டு. மின்தூக்கி ஒவ்வொரு மாடியிலும் நின்றால் அத்தனை கதவுகள், அத்தனை இயந்திரச் செலவு, பராமரிப்புச் செலவு. நாலு மாடிக்கு ஒன்று என்றால் போதாதா?

அன்றைய மக்களுக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. 1970இல் நாட்டில் ஏறத்தாழ பாதிப் பேர் இருபது வயதைத் தொடாதவர்கள். 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. 1972இல் எலிசபெத் அரசியார் வந்தபோது தோ பாயோ வட்டாரத்தின் உயர்ந்த அடுக்குமாடி 'புளோக்' ஒன்றுக்குத்தான் அழைத்துச் சென்று காட்டினார்கள். ஊரின் பெருமை உயரத்தில் இருந்தது. அந்த உயரத்தில் குடியேறிய இளம் தம்பதிகள் அங்கேயே முதுமை அடைவார்கள் என்பது கட்டியவர்களின் கணக்கில் முன்னுரிமை பெறவில்லை.

மாடி மட்டும் தடையல்ல. மின்தூக்கி நிற்கும் மாடியிலேயே வீடு இருந்தாலும், கீழே இறங்கியபின் தரைத்தளத்திலிருந்து நடைபாதைக்கு நாலு படி. வீட்டு வாசலில் ஒரு படி. குளியலறை வாசலில், தண்ணீர் வெளியே வராமலிருக்க, உயர்த்திக் கட்டிய திட்டு. உள்ளே குந்தி உட்காரும் கழிப்பறை. வாளியில் தண்ணீர் பிடித்துக் குவளையால் ஊற்றிக் குளிக்கும் நம்மவர் வீடுகளில் அந்தத் தரை காய்ந்திருக்கும் நேரம் குறைவு. இளவயதில் இவற்றை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எழுபது வயதில் ஒவ்வொன்றையும் எண்ணித்தான் கால் வைக்க வேண்டும்.

படிக்கட்டும் வாக்குச்சீட்டும்

1990 முதல் வடிவமைத்த புதிய புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நின்றது. அதே ஆண்டில் கட்டடங்களில் தடையின்றி நடமாடுவதற்கான விதித்தொகுப்பும் வந்தது. புதிதாகக் கட்டுவதில் சரி செய்வது எளிது. ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் எழுந்து நிற்கும் புளோக்குகளை என்ன செய்வது?

அதற்கு வந்ததுதான் 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம். பழைய கட்டடத்தின் வெளிப்புறத்தில் புதிய மின்தூக்கிக் கூண்டை எழுப்பி ஒவ்வொரு மாடியோடும் இணைத்தார்கள். மொட்டைமாடியில் தனி இயந்திர அறை தேவைப்படாத மின்தூக்கிகள் வந்தபின் செலவு குறைந்தது, இடநெருக்கடியும் தணிந்தது. செலவில் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்றது, நகர மன்றம் ஒரு பங்கு தந்தது. குடிமக்கள் வீட்டுக்கு அதிகம் போனால் 3,000 வெள்ளிவரை கட்டினார்கள்.

பணத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. புளோக்கில் வாக்கெடுப்பு நடக்கும். தகுதியுள்ள வீடுகளில் 75 விழுக்காட்டினர் இசைந்தால்தான் வேலை தொடங்கும். மின்தூக்கி ஒருவர் வீட்டுப் பொருள் அல்ல. எட்டாம் மாடிப் பாட்டி வெளியே வருவதற்கு மற்ற மாடிக்காரர்களும் கைதூக்க வேண்டும். "எனக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது" என்பவரை இணங்க வைத்தது பெரும்பாலும் மானியம்தான். தன் பங்கு சிறிதாகத் தெரிந்தால் அண்டை வீட்டாரின் முழங்கால் வலி கொஞ்சம் நன்றாகவே புரிகிறது. வீட்டின் மறுவிற்பனை விலை கூடும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. மின்தூக்கி நிற்கும் மாடிக்கு வீட்டுச் சந்தையில் எப்போதும் தனி மதிப்பு.

அரசியலும் சும்மா இருக்கவில்லை. இந்தத் திட்டத்துக்கு முன்பே, 1997 பொதுத் தேர்தலில், ஆளும் மக்கள் செயல் கட்சியை ஆதரிக்கும் வட்டாரங்களுக்கே வீட்டு மேம்பாட்டில் முன்னுரிமை என்று அன்றைய பிரதமர் கோ சோக் டோங் வெளிப்படையாகச் சொன்னார். எதிர்க்கட்சி வசமிருந்த பொத்தோங் பாசிரும் ஹவ்காங்கும் மேம்பாட்டுக்கு நெடுநாள் காத்திருந்தன. முதியவர் படியேறுவது தேர்தல் பேச்சாகிப்போனதைக் கண்டித்தவர்கள் பலர். ஊக்கத்தொகை கையில் வைத்திருப்பவருக்கு அதை யாருக்கு முதலில் தருவது என்ற அதிகாரமும் சேர்ந்தே வருகிறது. இந்த நகரத்தின் மின்தூக்கி வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத முடியாது.

2014 வாக்கில் ஏறத்தாழ 5,000 புளோக்குகளில் வேலை முடிந்தது. இன்று தோ பாயோவிலோ குவீன்ஸ்டவுனிலோ பழைய புளோக்கின் முகப்பில் வேறு நிறத்தில் ஒரு கோபுரம் ஒட்டிக்கொண்டு நின்றால் அது பின்னால் வந்தது என்று அறிந்துகொள்ளலாம். தரைத்தளப் படிகளுக்குப் பக்கத்தில் சரிவுப்பாதைகளும் வந்துவிட்டன. காலையில் கீழ்த்தளத்து மேசைகளில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பவர்களில் பலர், அன்றாக இருந்தால் மேலேயே இருந்திருப்பார்கள்.

நூற்று இருபத்தைந்து வெள்ளிக் கணக்கு

மின்தூக்கி வாசல்வரை கொண்டுவந்து விட்டது. வாசலுக்கு உள்ளே இருக்கும் தடைகளுக்கு வேறு திட்டம் தேவைப்பட்டது. முதியோர் அதிகம் விழுவது வீட்டுக்குள்தான், அதிலும் ஈரத்தரையில்.

2012 ஜூலையில் 'ஈஸ்' என்று அழைக்கப்படும் திட்டம் வந்தது. குளியலறைத் தரையை வழுக்காதபடி பதப்படுத்துவது, சுவரில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்துவது, வாசல் படிக்குச் சரிவுப்பலகை வைப்பது ஆகிய மூன்றும் முதலில் வந்தன. வீட்டில் 65 வயது நிறைந்தவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 60 முதல் 64 வயதுக்குள் இருந்து, குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடக் காரியம் ஒன்றுக்காவது துணை தேவைப்படுபவருக்கும் கிடைக்கும். குடிமக்களுக்கு மானியம் வீட்டின் அளவைப் பொறுத்தது. மூவறை வீடுவரை 95 விழுக்காடு, நாலறை வீட்டுக்கு 92.5, ஐந்தறை வீட்டுக்கு 90, அதைவிடப் பெரிய எக்சிகியூட்டிவ் வீட்டுக்கு 87.5. வேலைக்கு 2,500 வெள்ளி ஆகிறது என்றால் மூவறை வீட்டுக்காரர் கட்ட வேண்டியது 125 வெள்ளி.

இந்தத் தொகை சிறியதாக இருப்பதில்தான் மாற்றத்தின் சாரம் இருக்கிறது. 2,500 வெள்ளி என்றால் மகனிடம் கேட்க வேண்டும், மருமகளிடம் காரணம் சொல்ல வேண்டும், "அடுத்த போனஸ் வரட்டும்" என்ற பதிலைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 125 வெள்ளி என்றால் அம்மாவே முடிவெடுத்துவிடலாம். அன்று பெற்றோரின் முதுமைக்கு வீட்டைத் தயார் செய்வது பிள்ளைகளின் கடமை. கடமை என்பதாலேயே அது பிள்ளைகளின் வசதிக்குக் காத்திருந்தது. பெரும்பாலும் யாராவது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபிறகுதான் கம்பி வந்தது. இன்று விழுவதற்கு முன்பே பொருத்திக்கொள்ள வழி இருக்கிறது, யார் கையையும் எதிர்பார்க்காமல்.

2024 ஏப்ரலில் திட்டம் விரிவடைந்தது. குளிக்கும்போது உட்கார மடக்கு இருக்கை, சக்கர நாற்காலி நுழையும்படி குளியலறை வாசலை அகலப்படுத்துவது, வாசல் திட்டின் உயரத்தைக் குறைப்பது ஆகியவையும் சேர்ந்தன. தனியார் வீடுகளில் வாழும் முதியோருக்கும் இதை நீட்டிக்கப்போவதாக 2025 வரவுசெலவுத் திட்ட உரையில் அறிவிப்பு வந்தது. சொந்தத் தரைவீடு வைத்திருப்பவரும் ஈரத்தரையில் வழுக்கித்தான் விழுகிறார்.

வெட்கத்துக்கு மட்டும் எந்த மானியமும் போதவில்லை. "எனக்கென்ன அவ்வளவு வயதா ஆகிவிட்டது?" என்று கம்பியை வேண்டாம் என்பவர்கள் இன்றும் உண்டு. சுவரில் கம்பி வந்தால் வீடு மருத்துவமனைபோல் ஆகிவிடும் என்பது அவர்கள் வாதம். விண்ணப்பித்தால் மட்டுமே கிடைக்கும் உதவிக்கு இந்த எல்லை எப்போதும் உண்டு.

கேட்காமலே கிடைப்பவை

கேட்க வேண்டிய தேவையையே நீக்கிவிடுவது அடுத்த வழி. 1998இல் 55 வயதைத் தாண்டியவர்களுக்கென்று 30 ஆண்டு குத்தகையில் ஸ்டூடியோ வீடுகள் வந்தபோது, கைப்பிடிக் கம்பியும் அவசரத்துக்கு இழுக்கும் கயிறும் வீட்டோடு சேர்ந்தே வந்தன. 2015இல் ஈரறை ஃபிளெக்சி வீடுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. அட்மிரல்ட்டியில் 104 முதியோர் வீடுகளுக்குக் கீழே மருத்துவ நிலையமும் உணவங்காடி நிலையமும் ஒரே கட்டடத்தில் அமைந்தன. 'கம்பம் அட்மிரல்ட்டி' என்ற அந்தக் கட்டடம் 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வானது. 2021இல் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்த சமூகப் பராமரிப்பு வீடுகள் இன்னும் ஒரு படி போயின. 65 வயது நிறைந்தவர் வாங்கும் அந்த வீட்டோடு 24 மணிநேர அவசர உதவியும் சேர்ந்த பராமரிப்புச் சேவையைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று வீவக விற்றது நான்கு சுவர். இன்று இரவில் மணி அடித்தால் வந்து பார்க்க ஆளையும் சேர்த்து விற்கிறது.

மக்களில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினர் வீவக வீடுகளில் வாழ்வதால்தான் இது இத்தனை வேகமாக நடந்தது. கட்டுவதும் விற்பதும் மானியம் தருவதும் அரசாங்கமே என்றால், கட்டுநரை வரிச்சலுகை காட்டி அழைக்க வேண்டியதில்லை. தனியார் கட்டடங்களில் அப்படி முடியாது. அதற்காகத்தான் 2007இல் 40 மில்லியன் வெள்ளியில் ஒரு நிதியை ஒதுக்கி, பழைய கட்டடங்களில் சரிவுப்பாதையும் சக்கர நாற்காலிக்கு ஏற்ற கழிப்பறையும் அமைக்கும் உரிமையாளர்களோடு செலவைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மிச்சமிருக்கும் படிகள்

ஏறக்குறைய 150 புளோக்குகளில் எல்லா மாடிக்கும் மின்தூக்கி போகவில்லை. கூண்டு எழுப்ப இடமில்லை, அல்லது மாடிக்கு ஓரிரு வீடுகளே இருப்பதால் வீட்டுக்கு ஆகும் செலவு மிக அதிகம். அங்கே நடக்க முடியாதவர் இருந்தால், மின்தூக்கி நிற்கும் வேறு வீட்டுக்கு மாறிக்கொள்ள 2020 முதல் 30,000 வெள்ளிவரை மானியம் தருகிறார்கள்.

பெரிய தொகைதான், பலருக்கு உதவியிருக்கவும் கூடும். ஆனால் அந்த மானியம் முதியவரிடம் கேட்பது என்ன? நாற்பது ஆண்டு பழகிய வாசலையும், எதிர்வீட்டுச் சீனப் பாட்டியையும், கீழ்த்தளத்துக் கூட்டாளிகளையும் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறது. 1960களில் மனிதர் கட்டடத்துக்கு ஏற்றபடி தம்மை மாற்றிக்கொண்டார். 2001க்குப் பின் கட்டடம் மனிதருக்கு ஏற்றபடி மாறத் தொடங்கியது. இந்த 150 புளோக்குகளில் மறுபடியும் மனிதரே மாற வேண்டியிருக்கிறது, பணம் மட்டும் இம்முறை கூட வருகிறது.

2030இல் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயது நிறைந்தவராக இருப்பார். அவர்களில் பலர் அன்று ஏழாம் மாடிக்கு ஒன்பதிலிருந்து துள்ளி இறங்கி வந்த பிள்ளைகள். 5,000 புளோக்குகளுக்கு வழி கண்ட நகரம் இந்த 150க்கும் செலவு மிகுதி என்று கணக்கை மூடிவிடக் கூடாது. 1960களில் நாலு மாடிக்கு ஒன்று போதும் என்று சொன்னதும் செலவுக் கணக்குதான். அந்தக் கணக்கைத் திருத்தப் பல்லாண்டு மானியம் தேவைப்பட்டிருக்கிறது.