கரி சுமந்த தேயிலைக் கப்பல்

லண்டன் கிரீனிச்சில் 'கட்டி சார்க்' கப்பலைப் பார்க்கக் கட்டணம் கொடுத்து வரிசையில் நிற்கிறார்கள். 2007இல் தீப்பிடித்தபோதும் விட்டுவிடாமல் செப்பனிட்டு 2012இல் மீண்டும் திறந்தார்கள். அதைப் பந்தயத்தில் தோற்கடித்த 'தெர்மோபைலி'யோ, போர்ச்சுகலின் கஷ்காய்ஷ் கடலில் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. என் மனம் போவது அங்கேதான்.

தெர்மோபைலி 1868இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பிறந்தது. இரும்புச் சட்டத்தின்மேல் மரப்பலகை, 212 அடி நீளம், பச்சை மேனி, வெள்ளைப் பாய்மரங்கள். மரத்தின் உச்சியில் பொன்முலாம் பூசிய சேவல்! முந்த முடிந்தால் முந்திப் பார் என்ற அறைகூவல் அது. முதல் பயணத்திலேயே 63 நாளில் மெல்போர்னைத் தொட்டது.

அன்று புதுத் தேயிலையோடு முதலில் லண்டன் சேரும் கப்பலுக்குத்தான் மவுசு. 1872 ஜூன் 18 அன்று இரண்டு கப்பல்களும் ஷாங்காயிலிருந்து சேர்ந்தே கிளம்பின. கட்டி சார்க் சுமார் 400 மைல் முந்தியிருந்த வேளையில், புயல் அதன் சுக்கானைப் பிடுங்கிக்கொண்டது. மாலுமிகள் நடுக்கடலில் புதுச் சுக்கான் செய்து பொருத்தினார்கள். அந்த உழைப்பை எத்தனை முறை நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது. ஆனாலும் 115 நாளில் லண்டன் சேர்ந்த தெர்மோபைலிக்கு ஒரு வாரம் பிந்தித்தான் அது வந்தது.

அந்தப் பந்தயத்துக்கு முன்பே, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்துவிட்டது. நீராவிக் கப்பலுக்கு அது குறுக்குவழி. செங்கடல் காற்று பாய்க்கப்பலுக்கு ஒத்துவராது. அது ஆப்பிரிக்காவைச் சுற்றியே வரவேண்டும். தேயிலை மெல்லக் கைமாறியது. தெர்மோபைலி ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றியது. 1890இல் கனடாக்காரர்கள் வாங்கி, பசிபிக்கில் அரிசியும் மரமும் ஏற்றினார்கள். பிறகு போர்ச்சுகல் கடற்படை 'பெத்ரோ நூனெஷ்' என்று பேர் மாற்றிப் பயிற்சிக் கப்பலாக்கியது. கடைசியில் பாய்மரங்களுக்கு வேலையில்லை. நிலக்கரி கொட்டிவைக்கும் மிதவையானது. எந்தக் கரி அதன் பிழைப்பைப் பறித்ததோ அதையே வயிற்றில் சுமந்து நின்றது. இதைவிடக் கொடுமை வேறென்ன?

1907 அக்டோபர் 13 அன்று, அரசி அமேலியின் முன்னிலையில், கடற்படை மரியாதையோடு டார்பிடோ ஏவி அதை மூழ்கடித்தார்கள். 2003இல் முக்குளிப்போர் அந்தச் சிதைவைக் கண்டெடுத்தார்கள். தேயிலை இப்போது கன்டெய்னரில் போகிறது. தெர்மோபைலியைப் பார்க்க வேண்டுமென்றால் கஷ்காய்ஷில் கடலுக்குள் இறங்க வேண்டும்.