நனைந்த பாயும் நாணும் பிள்ளையும்

மயிலம் மலைமேல் கோயில் கொண்டிருக்கும் முருகப் பெருமானைக் காணச் செல்வோர் பலர். அம்மலையடிக்குச் சற்றுத் தொலைவில் உள்ள சிற்றூர் ஒன்றின் அங்கன்வாடிக்கு நான் ஒரு நாள் சென்றிருந்தேன். நண்பகல் உணவு முடிந்து, பிள்ளைகள் பாய்களில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தனர். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உறக்கம் அவன் கண்களை அழுத்தியது. தலை மெல்லச் சரியும். உடனே திடுக்கிட்டு நிமிர்வான்.

அங்கன்வாடி ஆசிரியையிடம் காரணம் கேட்டேன். "உறங்கினால் பாய் நனைந்துவிடுமே என்ற அச்சம், ஐயா! சென்ற வாரம் ஒரு நாள் நனைத்துவிட்டான், பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வீட்டிலும் அவன் அண்ணன் அதைச் சொல்லியே கூப்பிடுகிறானாம். இப்போது தண்ணீர் கொடுத்தாலும் குடிப்பதில்லை" என்றார் அவர். அந்த அண்ணன் பள்ளியில் படிக்கும் மாணவன். ஆகவேதான் மாணவ நண்பர்களே, இப்பொருளை உங்களிடம் பேச எடுத்துக்கொண்டேன்.

இது வெளியே பேசத் தக்க செய்தியா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பேசாமல் விட்டதனால் அன்றோ ஒன்றும் அறியாத பிள்ளைகள் அடியும் ஏச்சும் பெறுகின்றனர்! உறங்கும் பிள்ளை பாயை நனைப்பது குற்றமா, சோம்பலா, நோயா? நான்கு வயதில் இவற்றுள் எதுவும் அன்று. உடலின் ஒரு பாடம் இன்னும் முடியவில்லை என்பதே அதன் பொருள்.

அப்பாடம் யாது எனக் காண்போம். நம் சிறுநீரகங்கள் இரண்டும் இரவும் பகலும் ஓயாது குருதியை வடித்துச் சிறுநீரைப் பிரிக்கின்றன. அது சிறுநீர்ப்பையில் வந்து சேர்கிறது. நான்கு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் கொள்ளும். ஒரு சிறு குவளை அளவுதான். கைக்குழந்தைக்குப் பை நிறைந்தவுடன் அது தானே சுருங்கிவிடும். வளர வளர, "பொறு, இது இடமன்று" என்று கட்டளையிட மூளை கற்றுக்கொள்கிறது. விழித்திருக்கும்போது பொறுப்பதைப் பிள்ளை முதலில் கற்கும். உறக்கத்தில் பொறுப்பதைக் கடைசியாகவே கற்கும்.

உறக்கத்தில் நனையாதிருக்க இரண்டு செயல்கள் துணை செய்ய வேண்டும். ஒன்று, இரவில் சிறுநீர் குறைவாகச் சுரத்தல். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி விடுக்கும் வாசோபிரசின் என்னும் ஹார்மோன் இதற்கு உதவுகிறது. இப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிக் காட்டிய அமெரிக்க அறிஞர் து வின்யோ 1955ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். மற்றொன்று, பை நிறைந்த செய்தி மூளைக்கு எட்டி உறக்கத்தைக் கலைத்தல். சில பிள்ளைகளுக்கு அந்த ஹார்மோன் இரவில் போதிய அளவு மிகுவதில்லை. சிலருக்குச் செய்தி எட்டினாலும் உறக்கம் கலைவதில்லை. பகல் உறக்கத்திலோ, இரவில் கிடைக்கும் ஹார்மோன் துணை குறைவு. மேலும், உணவோடு பருகிய நீரும் அப்போதுதான் பைக்கு வந்து சேரும். அங்கன்வாடிப் பாய் நனைவதில் வியப்பென்ன?

ஐந்து வயதுப் பிள்ளைகள் 100 பேரில் ஏறத்தாழ 15 பேர் உறக்கத்தில் நனைக்கின்றனர். அவர்களுள்ளும் ஆண்டுதோறும் 100க்கு 15 பேர் அளவில் மருந்தேதுமின்றித் தாமே தேறிவிடுகின்றனர். பெற்றோர் இருவருக்கும் இளமையில் இவ்வியல்பு இருந்திருந்தால், பிள்ளைகளுள் 100க்கு 77 பேர் அளவில் இது காணப்படும். ஒருவருக்கு இருந்தால் 44. இருவருக்கும் இல்லையாயின் 15. தந்தை அடிக்கக் கை ஓங்குமுன், தம் இளமையைப் பற்றித் தம் தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நன்று!

இனி, செய்ய வேண்டியவை எவை? முதலில், தண்ணீரை மறுத்தல் கூடாது. நம் பக்கத்து வெயிலில் நீர் குறைந்தால் பிள்ளை வாடும், சிறுநீர் செறிந்து பையை உறுத்தும், மலமும் இறுகும். மலம் கட்டிய குடல் சிறுநீர்ப்பையை நெருக்குவதால் நனைத்தல் மிகும் என்பதைப் பலர் அறியார். ஆதலின் பகல் முழுவதும் நன்றாக நீர் கொடுத்து, படுக்கும் முன் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் அளவாகக் கொடுக்கலாம். மாலையில் தேநீரும் காப்பியும் வேண்டா. கீரையும் பழமும் உணவில் இருக்கட்டும்.

படுக்குமுன் சிறுநீர் கழித்துவரச் செய்வது அடுத்தது. நம் ஊர்களில் பல வீடுகளில் கழிப்பறை புறக்கடையில் இருக்கிறது. இருளில் தனியே செல்லப் பெரியவர்களே தயங்குவர். சிறுபிள்ளை என்ன செய்யும்? ஒரு சிறு விளக்கும், "எழுப்பு, நான் துணைக்கு வருகிறேன்" என்ற அண்ணன் அல்லது அக்காளின் சொல்லும் போதும். பாயின்மேல் ஒரு ரப்பர் விரிப்பு, அதன்மேல் பழந்துணி, பக்கத்தில் மாற்றுடை ஆகியவை இருந்தால் நள்ளிரவில் கோபத்துக்கு வேலையில்லை. பாராட்டும்போதும் கருத்து வேண்டும். நனையாத பாய்க்காகப் பாராட்டினால், நனைந்த நாளில் அதுவே தண்டனையாகிவிடும். படுக்குமுன் மறவாமல் கழிப்பறைக்குச் சென்றதற்காகப் பாராட்டுக. அது பிள்ளையின் கையில் உள்ள செயல்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு மணிக்கருவி உண்டு. அதன் வரலாறு சுவையானது. 1904ஆம் ஆண்டில் பௌண்ட்லர் என்னும் குழந்தை மருத்துவர், விரிப்பு நனைந்தவுடன் மணி ஒலிக்கும் அமைப்பு ஒன்றை மருத்துவமனையில் பொருத்தினார். செவிலியர் உடனே வந்து துணி மாற்ற வேண்டும் என்பதே நோக்கம். சில வாரங்களில், மணியோசையில் விழித்த பிள்ளைகள் நனைப்பதே குறைந்தது கண்டு வியந்தார். 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மௌரர் தம்பதியர் இதனை ஒரு சிகிச்சை முறையாகவே வகுத்தனர். இன்றும் அது பயன்படுகிறது. ஆயினும் ஐந்து வயதுக்கு உட்பட்டோர்க்கு அது வேண்டுவதில்லை. பொறுமையே அவர்க்கு மருந்து.

எனினும், சில குறிகளைக் கண்டால் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காதிருந்த பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்குதல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், காய்ச்சல், பகலிலும் சொட்டுச் சொட்டாக ஒழுகுதல், உறக்கத்தில் பெருங்குறட்டை ஆகியன அக்குறிகள். தீராத தாகமும் உடல் மெலிவும் சேர்ந்தால் அது நீரிழிவாக இருக்கக்கூடும். அன்றே காட்ட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் தொலைவில் இல்லை. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கே வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அவர்களிடம் கூசாமல் சொல்லலாம்.

மயிலம் முருகனுக்கு நேர்ந்துகொள்ளும் தாய்மாரை நான் குறை கூறேன். வேண்டுதல் மனத்துக்குத் தெம்பு. ஆனால் வேண்டுதலுக்குப் பின் வீடு திரும்பிப் பிள்ளையை அடிப்பதில் பொருளில்லை. உறங்கும்போது நடந்ததற்கு விழித்தபின் பெறும் அடி எதைக் கற்பிக்கும்? உறங்குவதற்கு அஞ்சுவதையே கற்பிக்கும்.

அந்தச் சிறுவன் என்னவானான் என்று கேட்பீர்கள். சில வாரங்கள் சென்றபின் மீண்டும் அங்கே சென்றேன். ஆசிரியை உணவு முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாகக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றார். அவனை மட்டும் பிரித்து அழைக்கவில்லை. அவன் பாய் கதவோரம் விரிக்கப்பட்டிருந்தது. மாற்றுக் காற்சட்டை ஒன்று அலமாரியில் இருந்தது. "இப்போது நனைப்பதில்லையா?" என்று மெல்லக் கேட்டேன். "சில நாள் நனைக்கிறான், ஐயா. ஆயா உடையை மாற்றிவிடுவார், யாரும் சிரிப்பதில்லை. அவன் அண்ணனை அழைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். இப்போது மாலையில் அவன்தான் தம்பியைக் கூட்டிப் போகிறான்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். சிறுவன் கதவோரம் கையைத் தலைக்கு வைத்து நன்றாக உறங்கிக்கொண்டிருந்தான். அவன் உடல் தன் பாடத்தைத் தனக்குரிய காலத்தில் முடித்துக்கொள்ளும். அதுவரை சிரிக்காதிருப்பது, நண்பர்களே, உங்கள் பாடம்.