கரை தூங்கும் நேரம்

கட்டுமாவடியில் பாதி ஊர் ராத்திரி எட்டரைக்கெல்லாம் படுத்துவிடும். நாட்டுப்படகுக்காரர் இரண்டு மணிக்கு எழுந்து, டீசல் கேனையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு இருட்டோடு இருட்டாகக் கடலுக்குள் போயாக வேண்டும். மீன் ஏலத்துக்குப் போகும் பெண்கள் அதற்குப் பின்னாலேயே எழுந்துவிடுவார்கள். புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடக்கு முனை எங்கள் ஊர். பேராவூரணிக்கும் அறந்தாங்கிக்கும் போகிற நண்டும் இறாலும் எங்கள் தூக்கத்தை விற்றுப் போகிறவைதான்.

அந்தக் காலத்திலும் ஊரில் சத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் முதல் நாள் சாயங்காலமே மைக்செட்காரர் வந்துவிடுவார். சைக்கிள் கேரியரில் ஆம்ப்ளிஃபயர், ஹேண்டில்பாரில் இசைத்தட்டுப் பை. தட்டை வேட்டி நுனியால் துடைத்து, ஊசியில் ஒட்டிய தூசியை விரலால் தட்டிவிட்டு, மெல்ல இறக்குவார். முதலில் கரகர என்று கொஞ்ச நேரம், அப்புறம்தான் பாட்டு. அந்தக் கரகரப்புக்கே நாங்கள் ஓடிப்போய் உட்கார்ந்துவிடுவோம். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஊரையே எழுப்பும்.

ஆனால் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அதிகமாகக் கத்தும். "மாமா, அதைக் கொஞ்சம் கடல் பக்கம் திருப்பிக் கட்டுங்க, அப்பா தூங்கணும்" என்று அம்மா போய்ச் சொல்லுவார். அவரும் மரமேறித் திருப்பிவிட்டு வருவார். அவருக்கு ஊரில் யார் கடலுக்குப் போகிறவர், எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, எங்கே கிழவி இழுத்துக்கொண்டு கிடக்கிறாள் என்று எல்லாம் தெரியும். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் இசைத்தட்டுகளைப் பையில் போட்டுவிட்டு அவரே பந்தல் காலடியில் படுத்துவிடுவார்.

இன்று டிஜே. மினி லாரியில் பாக்ஸ்கள் வருகின்றன, ஆள் உயரத்துக்கு மேல் அடுக்குகிறார்கள். ஆப்பரேட்டர் எந்த ஊரோ. அவருக்குப் பேசின பணம், பேசின நேரம். பேஸ் சத்தம் திசை பார்க்காது, சுவரும் தாண்டும். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால், அடுக்களைப் பரணில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி விடாமல் நடுங்குவது கேட்கும். காதை விட நெஞ்சில்தான் முதலில் அடி விழுகிறது.

காதுகுத்து மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது பிறந்தநாளுக்கு நடுத்தெருவில் பைக் மேல் வைத்து நள்ளிரவு கேக். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சென்னையிலும் படிக்கிற பிள்ளைகள் லீவுக்கு ரூம்மேட்டுகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அங்கே நாலைந்து பேராக வாடகை வீட்டில் இருப்பவர்கள். பேச்சிலருக்கு வீடு கிடைப்பதே பாடு. சத்தம் கேட்டால் மறுநாளே காலி செய் என்பார் ஹவுஸ் ஓனர். அதனால் மாடிப்படியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிற பிள்ளைகள் இவர்கள். சொந்த ஊரில் காலி செய்யச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

சத்தத்துக்குச் சட்டமும் இருக்கிறது. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு விலக்கு தரலாம். பிறந்தநாள் அதில் வராது.

2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் ஒலி மாசு பற்றித் தந்த தீர்ப்பில் அந்த வழக்கு எப்படித் தொடங்கியது என்று இருக்கிறது. 1998 ஜனவரியில் வந்த ஒரு பத்திரிகைச் செய்தி. பதின்மூன்று வயதுச் சிறுமியை ஒருவன் சீரழிக்கிறான். அவள் கத்துகிறாள். பக்கத்தில் அலறிய ஒலிபெருக்கியில் அந்தக் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அன்று மாலையே அவள் தீக்குளித்து இறந்துபோனாள். அதைப் படித்துத்தான் அனில் மிட்டல் என்ற பொறியாளர் நீதிமன்றம் போனார். இதைப் படித்ததிலிருந்து பாக்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம், அதற்கு அடியில் வேறு ஏதாவது குரல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே கிடக்கிறேன்.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை ராத்திரி, பதினொன்றே முக்காலுக்குப் பொறுக்க முடியாமல் எழுந்து போனேன். என் சித்தப்பா பேரனுக்குத்தான் பிறந்தநாள். "வாங்க பெரியப்பா, கேக் சாப்பிடுங்க" என்றான். "அப்பா ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போகணுமேப்பா" என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. மூன்று வருஷம் சென்னையில் இருந்ததில் அவனுக்கு அந்த நினைப்பே வரவில்லை. அவன் அப்பாவும் பிள்ளை ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை. ஆப்பரேட்டரிடம் அவனே போய்ப் பேசினான். சத்தம் நிற்கும்போது மணி பன்னிரண்டரை.

இரண்டு மணிக்கு அவன் அப்பாவை, என் தம்பியை, எழுப்பினார்கள். எழுந்து உட்கார்ந்தவன், கண் எரிகிறது என்று மறுபடி சாய்ந்துவிட்டான். படகு கரையிலேயே கிடந்தது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மீதி நாள்தான் எங்களுக்கு. செவ்வாய் போனால் அடுத்தது வியாழன்.