பழைய மோட்டார்க் காரில் விட்டுவிட்டுத் தோன்றும் அதிர்வு: காரணத்தை அறியும் முறை



விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் கமத்தொழிலின் ஒரு பகுதியேயாகும். விடியற்காலையிற் சுன்னாகத்துக்கோ தம்புள்ளைக்கோ புறப்படும் வண்டி வழியில் நின்றுவிடின் அன்றைய சந்தை தவறிவிடும். நின்றுவிடாது ஓடினும், அளவுக்கு மிஞ்சி அதிருமாயின், பெட்டிகளிலுள்ள தக்காளி ஒன்றோடொன்று உராய்ந்து கன்றிப்போகும். ஆதலால், நீரிறைக்கும் இயந்திரத்தைப் பேணுவது போலவே வண்டியையும் பேணுதல் வேண்டும்.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்கள் நம் நாட்டின் தெருக்களில் இன்றும் ஓடுகின்றன. மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு தொடக்கம் 1971 ஆம் ஆண்டு வரை இங்கிலாந்திற் செய்யப்பட்டது. 1990 களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிருந்த காலத்தில் இப்பழைய கார்கள் மண்ணெண்ணெயிலும் ஓடின. இவற்றின் அமைப்பு எளியது. சொந்தக்காரரே பல குறைகளை அறிந்துகொள்ளலாம்.

இவ்வண்டிகளை வைத்திருப்போர் கூறும் குறைகளுள் ஒன்று, "கார் ஒரு நேரம் நடுங்குகின்றது, ஒரு நேரம் நடுங்குவதில்லை" என்பதாகும். கராச்சுக்குக் கொண்டு சென்றால் அங்கு நடுக்கம் தோன்றாது. மெக்கானிக் ஊகத்தின் பேரில் ஓர் உறுப்பை மாற்றுவார், பணம் செலவாகும், நடுக்கம் மீண்டும் வரும். இவ்வாறு வீண்செலவு செய்வதற்கு முன், அதிர்வு எப்பொழுது வருகின்றது, எப்பொழுது மறைகின்றது என்பதை நீங்களே அவதானித்தல் வேண்டும். விட்டுவிட்டு வரும் அதிர்வுக்கு அது வரும் வேளையே தக்க சாட்சியாகும்.

அதிர்வு உண்டாவது எவ்வாறு?

சுழலும் பொருளின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்திலும் பாரமாயிருந்தால் அஃது ஒவ்வொரு சுற்றிலும் வண்டியை ஒருமுறை இழுக்கும். மணிக்கு 40 மைல் வேகத்தில், அதாவது ஏறத்தாழ 64 கிலோமீற்றர் வேகத்தில், மொறிஸ் மைனரின் சில்லு ஒரு செக்கனில் ஒன்பது பத்து முறை சுற்றுகின்றது. அப்பொழுது அதன் விளிம்பின் ஒரு பக்கத்தில் 100 கிராம் சேறு ஒட்டியிருப்பின், அச்சேறு ஏறக்குறைய 6 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசையுடன் சில்லை இழுக்கும். வேகம் பாதியானால் இவ்விசை காற்பங்காகக் குறைந்துவிடும். மெதுவாகச் செல்லும்பொழுது தோன்றாத நடுக்கம் வேகம் கூடியதும் தோன்றுவது இதனாலேயே.

விட்டுவிட்டு வருவது ஏன்?

இதற்குப் பின்வருவன முக்கிய காரணங்களாகும்.

1. சேறு: வயலோரத்திலும் தோட்டத்து ஒழுங்கையிலும் செல்லும் கார்களில் இதை முதலிற் பார்த்தல் வேண்டும். சில்லின் உட்புறத்தில் ஒட்டிய சேறு ஒரு பக்கமாகக் காய்ந்து இறுகிவிடும். அதனால் நடுக்கம் உண்டாகும். சில நாட்களில் அது தானாகவே உதிர்ந்துவிடும்; நடுக்கமும் மறைந்துவிடும். அடுத்த மழையின் பின் மீண்டும் வரும்.

2. தட்டையான ரயர்: பாரம் ஏற்றியபடி இரவு முழுவதும் நின்ற காரின் ரயர், நிலத்தைத் தொட்ட இடத்திற் சிறிது தட்டையாகிவிடும். காலையிற் புறப்பட்டதும் கார் நடுங்கும். சில மைல்கள் ஓடி ரயர் சூடேறியதும் நடுக்கம் நின்றுவிடும்.

3. குறித்த வேகம்: ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசையத் தள்ளினால் அது மேலும் மேலும் உயரும், இசையாது தள்ளினால் உயராது. அதுபோல, சில்லும் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஆடுவதற்கென ஓர் இயல்பான வேகம் உண்டு. சில்லின் சுழற்சி அதனோடு இசையும்பொழுது அதிர்வு மிகும். அவ்வேகத்தைத் தாண்டியதும் குறையும். இங்கு குறை நீங்கிவிடவில்லை, மறைந்து நிற்கின்றது என்பதை உணர்தல் வேண்டும்.

4. இரு சில்லுகளின் சேர்க்கை: அடுத்தடுத்த கிணறுகளில் இரண்டு இறைப்பு இயந்திரங்கள் ஓடும்பொழுது, அவற்றின் ஓசை ஒரு சமயம் ஓங்கியும் ஒரு சமயம் தணிந்தும் கேட்பதை அறிவீர்கள். இரண்டும் முழுதும் ஒரே வேகத்தில் ஓடாமையே காரணம். அவ்வாறே, முன்சில்லுகள் இரண்டிலும் சிறு குறையிருந்து, அவை மிகச் சிறிதளவு வேறுபட்ட வேகத்திற் சுழலுமாயின், நேரான தெருவில் ஒரே வேகத்திற் சென்றாலும் நடுக்கம் வந்து வந்து போகும். இத்தகைய நடுக்கத்துக்கு ஒரு சில்லை மட்டும் சீர் செய்தாற் போதாது.

எழுதி வைத்தல்

காரில் ஒரு சிறு கொப்பியை வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் தெருவைக் கவனிக்க, உடன் வருபவர் பின்வருவனவற்றைக் குறித்தல் வேண்டும்.

(அ) எத்தனை மைல் வேகத்தில் நடுக்கம் தொடங்கியது? எவ்வேகத்தில் நின்றது?
(ஆ) காரிற் பாரம் இருந்ததா?
(இ) புறப்பட்டவுடனா, நெடுந்தூரம் ஓடிய பின்பா?
(ஈ) பிறேக் பிடிக்கும்பொழுதா, கிளச்சை விடும்பொழுதா, குழியில் ஏறியிறங்கிய பின்பா?
(உ) சுக்கானிலா, ஆசனத்திலா, கால்வைக்கும் தளத்திலா?

நடுக்கம் சுக்கானில் மிகுதியாயின் முன்சில்லுகளையும், ஆசனத்தில் மிகுதியாயின் பின்சில்லுகளையும் முதலில் ஐயுறுக. உலுக்குவது போன்ற மெதுவான ஆட்டம் பெரும்பாலும் சில்லுகளுக்குரியது. தளத்தில் வண்டு இரைவது போன்ற விரைவான அதிர்வு, கியர்ப் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் நீண்ட சுழல்தண்டுக்கோ எஞ்சினுக்கோ உரியது. ஏனெனில், 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினுள்ள மொறிஸ் மைனரில், சில்லு ஒருமுறை சுற்றுவதற்குள் அத்தண்டு ஏறத்தாழ நாலரை முறை சுற்றிவிடும்.

ஓட்டிப் பார்த்தல்

சன நடமாட்டமில்லாத நேரான, மட்டமான தெருவில் இப்பரிசோதனைகளைச் செய்க.

முதலாவது: நடுக்கம் தோன்றும் வேகத்தை அடைந்ததும், கிளச்சை மிதித்து, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, காரைத் தன்போக்கில் உருளவிடுங்கள். எஞ்சினை நிறுத்தலாகாது. நடுக்கம் தொடருமாயின் அது சில்லு, ரயர், சுழல்தண்டு ஆகியவற்றைச் சார்ந்தது. உடனே நின்றுவிடுமாயின், எஞ்சினை அல்லது எஞ்சினின் இழுவை தாக்கும் உறுப்புக்களைச் சார்ந்தது.

இரண்டாவது: மணிக்கு 30 மைல் போன்ற மிதமான வேகத்தில் நடுக்கம் உண்டாயின், அதே வேகத்தில் நாலாம் கியரிலும் பின் மூன்றாம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். நாலாம் கியரில் எஞ்சினும் சுழல்தண்டும் ஒரே வேகத்திற் சுற்றுவதால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மூன்றாம் கியரில் எஞ்சின் மட்டும் விரைவாகச் சுற்றும். நடுக்கத்தின் தன்மை மாறினால் குறை எஞ்சினிலும், மாறாதிருந்தால் தண்டிலோ சில்லிலோ உள்ளது எனக் கொள்க.

மூன்றாவது: காரை நிறுத்தி, கியர் நடுநிலையில் இருக்க, எஞ்சினின் வேகத்தை மெல்ல உயர்த்துங்கள். நின்ற நிலையிலும் நடுக்கம் தோன்றினால் எஞ்சினைத் தாங்கும் இறப்பர்கள், காற்றாடியின் தகடுகள், பிளக்குகள் ஆகியவற்றைப் பரிசோதித்தல் வேண்டும்.

பிறேக் பிடிக்கும்பொழுது மட்டும் நடுங்கினால் பிறேக் உருளைகள் வட்டம் தவறியிருக்கலாம். நின்ற நிலையிலிருந்து புறப்படும்பொழுது மட்டும் உதறினால் கிளச்சில் எண்ணெய் பட்டிருக்கலாம். எஞ்சின் தாங்கும் இறப்பர் நைந்திருப்பினும் அவ்வாறு உதறும். பாரம் ஏற்றியபொழுது மட்டும் தளம் அதிர்ந்தால், சுழல்தண்டின் இரு முனைகளிலுமுள்ள சிலுவை மூட்டுக்களைப் பாருங்கள். மூட்டின் ஓரத்தில் துருப்போன்ற சிவந்த தூள் காணப்படின் உள்ளே கிறீஸ் வற்றித் தேய்ந்துவிட்டதென்பது பொருள்.

நிறுத்திவைத்துப் பார்த்தல்

எச்சரிக்கை: காரை உறுதியான சமநிலத்தில் நிறுத்தி, கைப் பிறேக்கை இழுத்து, நிலத்திலிருக்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜக்கின் கீழ் அகன்ற பலகை இடுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே ஒருபொழுதும் புகலாகாது. தடித்த மரக்கட்டை அல்லது இரும்புத் தாங்கி கொண்டு காரைத் தாங்கச் செய்தல் அவசியம்.

முதலிற் சில்லுகளின் உட்புறத்தை நீர்விட்டுக் கழுவுங்கள். செலவற்ற இவ்வேலையாலேயே நடுக்கம் நீங்கிவிடக்கூடும். பின்னர் சில்லு நட்டுக்களைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்கிப் பாருங்கள். ரயரின் பக்கத்தில் வீக்கமோ வெடிப்போ உண்டா எனத் தடவிப் பாருங்கள். அண்மைக் காலத்து ரயர்களில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டதைக் குறிக்கும். காலங்கடந்த ரயர் தேயாதிருப்பினும் நம்பத்தக்கதன்று.

அடுத்து, ஒரு முன்சில்லை உயர்த்தி, பிறேக் உராயாதிருப்பதை உறுதிசெய்து, கையால் மெல்லச் சுழற்றி விடுங்கள். எத்தனை முறை விட்டாலும் ஒரே இடம் கீழே வந்து நிற்குமாயின் அவ்விடம் பாரமானது. எதிர்ப்புறத்தில் ஈயத்துண்டு பொருத்திச் சமன் செய்விக்க வேண்டும்.

பின்னர் அச்சில்லின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் இரு கைகளாலும் பற்றி, உள்ளும் புறமும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், உடனிருப்பவரைப் பிறேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் அசையுங்கள். அப்பொழுது ஆட்டம் நின்றால் குறை சில்லின் பெயறிங்கில் உள்ளது. நில்லாவிடின் குறை கிங் பின்னில் உள்ளது. இடத்தையும் வலத்தையும் பற்றி அசைக்கும்பொழுது மட்டும் ஆட்டம் தெரிந்தால் சுக்கான் தண்டுகளின் மூட்டுக்கள் தேய்ந்துள்ளன. எதிர்ப்பக்கத்துச் சில்லையும் இவ்வாறே பார்க்க.

மொறிஸ் மைனருக்குரிய பேராபத்து

இக்காரின் கிங் பின்னுக்கு மேல் முனையிலும் கீழ் முனையிலும் புரிகள் உண்டு. முன்பாகத்தின் பாரத்தைத் தாங்குவது கீழ்ப்புரியே. கிறீஸ் இடாது விட்டால் இப்புரி சிறிது சிறிதாகத் தேய்ந்து, ஒருநாள் கழன்றுவிடும். அப்பொழுது முன்சில்லு மடிந்து, கார் நிலத்திற் சரியும். முற்றத்திற் பின்னோக்கித் திருப்பும்பொழுது இது நேர்ந்தால் நட்டம் மட்டுமே; தெருவில் வேகமாகச் செல்லும்பொழுது நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. குழியில் ஏறியிறங்கிய பின் சுக்கான் சில கணம் உதறி அடங்குவது இத்தேய்வின் முன்னறிவித்தலாக இருக்கலாம்.

இதைத் தடுக்கும் செலவு மிகச் சிறிது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலும் கீழுமுள்ள கிறீஸ் நிப்பிள்களுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றுங்கள். நீர் தேங்கிய பாதையில் ஓடிய பின்பும் ஏற்றுதல் நன்று. சில்லை நிலத்தினின்று உயர்த்தி ஏற்றினால் கிறீஸ் புரியின் எல்லாப் பக்கமும் சென்று சேரும்.

பொறுக்கக்கூடியவையும் பொறுக்கக்கூடாதவையும்

சமன் தவறிய சில்லு, நைந்த எஞ்சின் இறப்பர், கிளச்சின் உதறல் ஆகியவற்றை மெதுவாக ஓட்டி, அறுவடை முடிந்தபின் திருத்திக்கொள்ளலாம்.

கழன்ற சில்லு நட்டு, வீங்கிய ரயர், ஆட்டங்கண்ட கிங் பின், சில்லுப் பெயறிங், சுக்கான் மூட்டு, தேய்ந்த சுழல்தண்டு மூட்டு, வட்டம் தவறிய பிறேக் உருளை ஆகியவற்றைக் கண்டால், அன்றைய சந்தை தவறினும் காரை எடுக்கலாகாது. விளைபொருளை அயலவரின் வண்டியில் அனுப்பிவிட்டு, முதலில் இவற்றைத் திருத்துவியுங்கள்.

கராச்சுக்குச் செல்லும்பொழுது நீங்கள் எழுதிய கொப்பியையும் கொண்டு செல்க. இன்ன வேகத்தில், இன்ன இடத்தில், இன்ன வேளையில் நடுங்கியது என்று நீங்கள் கூறினால், கண்ணிற் படாத குறையையும் மெக்கானிக் எளிதில் அறிந்துகொள்வார். நடுக்கம் மறைந்துவிட்டதென்று மகிழ்ந்திருத்தல் கூடாது. அது மறைந்த காரணம் தெரிந்த பின்னரே காரை நம்பிப் பாரம் ஏற்றுதல் வேண்டும்.