ஆண்மைச் சுரப்புநீர்: குறைந்தால் என்செய்வது?

ஜீடிமெட்லாவில் குடியிருக்கும் நம்மவர் யாரைக் கேட்டாலும் மருந்தாலைகளின் நெடியைத்தான் முதலிற் கூறுவர். மாலையானால் என் அன்னையார் சன்னலைச் சாத்திவிடுவார். எனக்கோ ஒன்றும் தெரிவதில்லை. மல்லிகையாயினும் மருந்து நெடியாயினும் பிறந்தது முதல் நான் எம்மணமும் அறியேன்.

இதனை யாரும் பெரிதாக எண்ணவில்லை. பதினெட்டு வயதாகியும் மீசை அரும்பவில்லை, குரல் உடையவில்லை. "சில பிள்ளைகள் மெல்லத்தான் வளர்வார்கள்" என்றனர் உறவினர். பத்தொன்பதாம் வயதில் கண்ட சுரப்பியியல் மருத்துவர் கேட்ட முதற் கேள்வியே, "மோப்பம் தெரியுமா?" என்பதுதான். என் குறைக்குக் கால்மன் நோய்க்குறித்தொகுதி என்று பெயர். 1944-ஆம் ஆண்டில் அதனை விளக்கிய கால்மன் என்பாரின் பெயர் அது.

மூக்குக்கும் மீசைக்கும் என்ன தொடர்பு? ஆண்மைச் சுரப்புநீராகிய டெஸ்டாஸ்டிரோனை விரைகள் சுரக்கின்றன. அவற்றை ஏவுவது மூளையடியிலுள்ள பிட்யூட்டரி. பிட்யூட்டரியை ஏவுவது மூளையிலுள்ள சில உயிரணுக்கள். கருவில் அவ்வுயிரணுக்கள் மூக்குப் பகுதியில் தோன்றி, மோப்ப நரம்பின் வழியே மூளைக்குக் குடிபெயர்கின்றன, நாம் ஊர்விட்டு இங்கு வந்ததுபோல. வழி அமையாவிடின் மோப்பமும் இல்லை, ஏவலும் இல்லை. விரைகளே பழுதுற்றாலும் இச்சுரப்பு குறையும்.

1935-இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கூர் குழுவினர் காளை விரைகளினின்று இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அவ்வாண்டே புட்டனாண்டும் ருசிக்காவும் கொலஸ்டிராலிலிருந்து அதனை ஆக்கிக் காட்டினர். அன்று முதல் குறைந்ததை ஈடுசெய்யும் வழி பிறந்தது.

ஆயினும் களைப்புற்றவர்க்கெல்லாம் இம்மருந்து அன்று. குறிகள் இருத்தல் வேண்டும். வெவ்வேறு இரு நாட்களில் காலையில் குருதியை ஆய்ந்து, அளவு குறைவென்று உறுதிப்படுத்தவும் வேண்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்பது பலர் கொள்ளும் எல்லை.

மருந்து வகைகள் பல. தோளில் நாள்தோறும் தடவும் களிம்பு ஒன்று. அளவு சீராக நிற்கும். ஆனால் கையைக் கழுவாமல், பூசிய இடத்தை மூடாமல் குழந்தையைத் தூக்கினால் அதன் உடலிலும் மருந்து ஏறும். எண்ணெயில் கரைத்த எனாந்தேட், சிப்பியோனேட் ஊசிகள் ஒன்று முதல் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை போடப்படுவன. இவற்றில் ஏற்ற இறக்கம் மிகுதி. முதலாண்டில் ஊசி போட்ட வாரம் எனக்கு உற்சாகம். அடுத்த வாரம் சோர்வும் சிடுசிடுப்பும். 1000 மில்லிகிராம் அண்டெக்கனோயேட் ஊசியோ, இரண்டாவதை ஆறாம் வாரத்தில் போட்டபின் பத்து முதல் பதினான்கு வாரங்கள் தாங்கும். எண்ணெய்த் துளி நுரையீரலை அடைந்தால் இருமல் வருமாதலின் மெதுவாகச் செலுத்தி, சிறிதுநேரம் அமர்த்தி வைப்பர். உணவோடு விழுங்கும் மாத்திரைகளும் உண்டு. அவை குருதியழுத்தத்தை உயர்த்தக்கூடும். பழைய மெத்தில் டெஸ்டாஸ்டிரோன் கல்லீரலைக் கெடுப்பதால் ஒதுக்கப்பட்டது.

பக்கவிளைவுகளுள் முதன்மையானது குருதி தடித்தல். செங்குருதியணுக்களின் பங்கு 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவர். எனக்கு 53 ஆனபோதே மருத்துவர் அளவைக் குறைத்தார். முதலாண்டில் சில திங்களுக்கொரு முறையும் பின்னர் ஆண்டுதோறும் இச்சோதனை வேண்டும். முகப்பரு வரலாம், மார்பு சற்றே பருக்கலாம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் மிகலாம். புராஸ்டேட் புற்றுநோய் உடையவர்க்கு இது பொதுவாக ஆகாது. மூத்தோர்க்கு அச்சுரப்பியையும் சோதிப்பர். 2023-இல் வெளிவந்த, ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் மிகவில்லை. ஆனால் இதயத்துடிப்புச் சீர்கேடும் நுரையீரலில் குருதிக்கட்டியும் சிறிது கூடின.

இனி ஓர் எச்சரிக்கை. உடற்பயிற்சிக் கூடத்தில் நண்பரொருவர், "உனக்கு ஊசி எங்கே கிடைக்கிறது? எனக்கும் வாங்கித் தா" என்றார். அவர் நலமுள்ளவர். வெளியிலிருந்து இந்நீர் வந்தால், போதுமென்று மூளை ஏவலை நிறுத்திவிடும்; விரைகள் சுருங்கும்; விந்தணு குன்றும். 1990-இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு, வாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே சோதித்தது. பாதிக்கு மேற்பட்டோர்க்கு விந்தணு அறவே இல்லாமற் போயிற்று. நிறுத்தியபின் மீளப் பல மாதங்களாகும். இதை அவருக்குச் சொன்னேன்; ஊசி வாங்கித் தரவில்லை.

"எனக்குப் பிள்ளைப்பேறு உண்டா?" என்று நானும் மருத்துவரைக் கேட்டேன். என் போன்றோர்க்கு, அப்போது டெஸ்டாஸ்டிரோனை விடுத்து, பிட்யூட்டரியின் ஏவலுக்கு ஈடான எச்.சி.ஜி., எஃப்.எஸ்.எச். ஊசிகளைத் தருவர், பலருக்கு விந்தணு தோன்றும், ஓராண்டோ இரண்டாண்டோ பொறுத்தல் வேண்டும் என்றார். அன்றிரவுதான் நெடுநாட்களுக்குப்பின் நன்றாக உறங்கினேன்.

நண்பர்களே! கண் மங்கினால் கண்ணாடி அணிய நாணுவோமா? நாணத்தால் நான் இழந்தவை மூன்று ஆண்டுகள். உங்களுள் எவருக்கேனும், உங்கள் தம்பிக்கேனும் பதினான்கு வயது கடந்தும் பருவம் தொடங்கவில்லையெனில், ஊசி விற்பவரிடம் அன்று, மருத்துவரிடம் செல்லுங்கள். மோப்பம் இல்லையேல் அதையும் மறவாது சொல்லுங்கள்.